நியாய விலை

எங்கள் வீட்டின் முன்னறையில், சுவரோரமாகக் கிடக்கும் தேக்கு மேசையின்மேல் பழைய இசைக் கருவிகள் சில இருக்கின்றன. நடுவில் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள்; அதன் வலப்புறம் ஓர் ஆம்ப்ளிஃபயர்; மேசையின் இரு பக்கமும் இடுப்பளவு உயரமுள்ள ஸ்பீக்கர் பெட்டிகள். இவற்றுள் ஒன்றுகூடப் புதிதாக வாங்கியதன்று. வீட்டுக்கு வருகிறவர்கள், "இதையெல்லாம் எங்கே பிடித்தீர்கள்? என்ன விலை?" என்று கேட்பதுண்டு. ஆம்ப்ளிஃபயரின் விலையைச் சொல்வேன். ஸ்பீக்கர்களின் விலையையும் சொல்வேன். டர்ன்டேபிளின் விலையைக் கேட்டால் மட்டும், காபி வருகிறதா என்று பார்க்க உள்ளே எழுந்து போய்விடுவேன். அந்த விலையைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

இந்த ஆசை முளைத்த இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1975ஆம் ஆண்டு. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். மாலை வேளைகளில் வசதி படைத்த ஒரு வீட்டில் இரண்டு சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவந்தேன். பாடம் நடக்கும் இடம் வெளி வராந்தா. உள்ளே கூடத்தில் வீட்டுக்காரர் இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அதுவரை நான் கேட்டிருந்த இசையெல்லாம் தேநீர்க் கடை வானொலியிலிருந்து வந்தது. அல்லது திருவிழாக் காலத்தில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அன்று அக்கூடத்திலிருந்து வீணை ஒலித்தது. தந்தியின்மேல் விரல் வழுக்கும் மெல்லிய உரசல்கூடக் கேட்டது. வாசிப்பவர் சன்னலுக்கு அப்பால் அமர்ந்திருக்கிறார் என்றே ஒரு கணம் நம்பிவிட்டேன். வகுத்தல் கணக்கைப் பாதியில் விட்டு நான் திரும்பிப் பார்த்ததைக் கண்டு சிறுவர்கள் சிரித்தார்கள். யாரும் என்னை உள்ளே அழைக்கவில்லை. அழைக்கலாம் என்ற எண்ணம்கூட அந்நாளில் அவர்களுக்குத் தோன்றியிராது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

கழிந்த காலத்தின்மீது கொள்ளும் ஏக்கம் என்பது, இழந்துபோனவற்றுக்காக ஏங்குவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவம் வேறு. நான் நாற்பது ஆண்டுகள் ஏங்கியது என்னிடம் ஒருநாளும் இருந்திராத ஒன்றுக்காக. பத்திரிகைகளில் காஸ்மிக் போன்ற இந்திய நிறுவனங்களின் ஹை-ஃபை விளம்பரங்கள் வரும். அவற்றைக் கத்தரித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். பிறகு இயற்பியல் ஆசிரியர் வேலை, திருமணம், இரு பெண் குழந்தைகள், வீட்டுக் கடன். இடையில் கேசட் வந்தது. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு சில ஆண்டுகளில் நம் ஊர்களையும் எட்டியது. இசைத்தட்டுகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து பழைய சாமான் வண்டிக்குப் போயின. உலகம் எதையெல்லாம் வேண்டாம் என்று தள்ளியதோ, அதை வாங்கும் அளவுக்கு என் கையில் பணம் சேர்ந்தபோது எனக்கு வயது 58. பணி ஓய்வு பெற்றிருந்தேன்.

2016இல் தேடலைத் தொடங்கினேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடைத்தது. அதில் இசைத்தட்டுக்கென்று தனி இணைப்பு உண்டு. பிற்காலத்துக் கருவிகள் பலவற்றில் அது இல்லை. தட்டின் கோட்டில் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குகளே. அதோடு, தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே பதித்தால் கோடு அகலமாக வளைந்து வளைந்து ஓடும்; ஒரு பக்கத்தில் இருபது நிமிட இசைகூட அடங்காது. ஆகவே கேட்கும்போது அந்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 1950களில் நிறுவனங்கள் இதற்கெனப் பொது அளவு ஒன்றை ஏற்றுக்கொண்டன. அதனால்தான் எந்த நாட்டுத் தட்டையும் எந்த நாட்டு ஆம்ப்ளிஃபயரிலும் கேட்க முடிகிறது. வகுப்பில் முப்பது ஆண்டுகள் மின்னியல் நடத்திய எனக்கு, இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்ப்பது தனி இன்பமாக இருந்தது. காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றினேன். கரகரத்த குமிழ்களுக்குள் சுத்தம் செய்யும் திரவத்தைப் பீய்ச்சி, நூறு முறை இடமும் வலமும் திருகினேன்.

ஸ்பீக்கர்கள் மதுரையில் கிடைத்தன. பெட்டி நன்றாக இருந்தது. ஆனால் கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் ஃபோம் வளையம் தொட்டவுடன் பொடியாய் உதிர்ந்தது. அந்தக் காலத்து ஃபோமுக்கு அதுதான் விதி. உழைத்தாலும் சும்மா கிடந்தாலும் சில பத்தாண்டுகளில் மக்கிப்போகும். புதிய வளையம் ஒட்டக் கற்றுக்கொண்டேன். முதல் முறை கூம்பு நடுவில் நிற்காமல் உரசியது. பிரித்து மறுபடி ஒட்டினேன். இவ்வகைத் தோல்விகளைப் பற்றி நிறைய எழுதலாம். என் மனைவியின் பொறுமையைப் பற்றியும் எழுதலாம்.

எஞ்சியது டர்ன்டேபிள்.

2017ஆம் ஆண்டு சனவரி மாதம், தூத்துக்குடியில் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், பழைய ரெக்கார்டுகள் இருக்கின்றன என்று ஒருவர் சொன்னார். போனேன். வயது எண்பதை நெருங்கிய அம்மையார் ஒருவர் கதவைத் திறந்தார். அவருடைய கணவர் சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்தவர். உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் பார்த்தவர். இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையார் பெங்களூரில் இருக்கும் மகளிடம் போய்விட முடிவு செய்திருந்தார். என்னை உட்காரவைத்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் கொடுத்தார். பிறகு பின்னறையில் ஒரு போர்வையை விலக்கிக் காட்டினார்.

நான் கண்டது கேரார்ட் 401. இங்கிலாந்தில் சுவிண்டன் நகரில் 1965 முதல் செய்யப்பட்டது. அதற்கு முந்தைய 301, பி.பி.சி. நிலையங்களில் உழைத்த இயந்திரம். இது அதன் தம்பி. இவற்றை ஊசி தாங்கும் கை இல்லாமலேயே விற்றார்கள். வாங்குபவர் தமக்கு விருப்பமான கையைப் பொருத்திக்கொள்வார். இதில் பொருத்தப்பட்டிருந்தது எஸ்.எம்.இ. நிறுவனத்தின் கை, அதுவும் பேர்பெற்றது. புத்தகத்துக்குள் வைத்திருந்த விளம்பரங்களில்கூட இவ்வளவு பெரிய ஆசைக்கு நான் துணிந்ததில்லை. உலகெங்கும் இதைத் தேடுவோர் இருக்கிறார்கள் என்பதும், ஓடாத நிலையில் கிடைத்தாலும் ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாது என்பதும் எனக்குத் தெரியும்.

அம்மையார் மூவாயிரம் ரூபாய் கேட்டார், அறுபது இசைத்தட்டுகளையும் சேர்த்து. நான் கொடுத்தேன். வாடகைக் காரின் பின்னிருக்கையில் இயந்திரத்தைப் போர்வையோடு வைத்து, பாளையங்கோட்டை வரும்வரை ஒரு கையால் அதைப் பிடித்தபடியே வந்தேன்.

உறைந்துபோன பழைய எண்ணெயைத் துடைத்து மாற்றினேன். மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம் இறுகிப்போயிருந்தது. புதியது ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இயந்திரத்தின் முன்பக்கத்தில் சிறிய நியான் விளக்கு ஒன்று உண்டு. சுழலும் தட்டின் விளிம்பிலுள்ள புள்ளிகளின்மேல் அதன் ஒளி விழும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. விளக்கு அதற்கு இரு மடங்காக, வினாடிக்கு 100 முறை மின்னி அணையும். தட்டு சரியான வேகத்தில் சுழன்றால், ஓடும் புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். பிரிட்டனின் மின்சாரமும் நம்முடையதைப் போன்றதே என்பதால், எதையும் மாற்றாமலே அது இங்கும் சரியாக ஓடியது. அமெரிக்க மின்சாரத்துக்கென்றே செய்ததாக இருந்தால், ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து பாட்டெல்லாம் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, அசையாமல் நின்ற அந்தப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இசை எப்படி இருந்தது? நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்து ஓர் உறுத்தல் தொடங்கியது. இசைத்தட்டு ஓடி முடிந்து ஊசி உள்வட்டத்தில் தட்டிக்கொண்டிருக்கும் வேளைகளில் அது அதிகமாயிற்று.

மனிதன் தனக்காக வாதாடுவதில் எவ்வளவு திறமைசாலி என்பதை அப்போது கண்டேன். விலையைச் சொன்னவர் அவர். நான் பேரம்கூடப் பேசவில்லை. நான் வாங்கியிராவிட்டால் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்திருப்பார். கேரார்ட் என்றால் என்ன என்று அறிந்துகொள்ள நான் நாற்பது ஆண்டுகள் செலவிட்டிருக்கிறேன். அந்த அறிவுக்கு ஊதியம் வேண்டாமா? மேலும், செத்துக் கிடந்த இயந்திரத்துக்கு உயிர் கொடுத்தவன் நான். இவற்றுள் எதுவும் பொய்யில்லை. பொய்யில்லாத இத்தனை காரணங்களைத் தேடித் திரட்ட வேண்டியிருந்ததே, அதுதான் என்னை ஐயுறவைத்தது. ஆம்ப்ளிஃபயரை வாங்கியதற்கு நான் ஒரு காரணமும் தேடவில்லை.

என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இதை வேடிக்கைபோலச் சொன்னேன். சொல்லும்போது, நிலத்தில் மறைந்திருந்த புதையலின் உவமையையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். "அந்த மனிதர் புதையலைக் கண்டதும் மூடி வைத்துவிட்டுப் போய் நிலத்தை வாங்கினாரே, நிலத்துக்காரரிடம் சொன்னாரா?" என்று கேட்டேன். நண்பர் சிரிக்கவில்லை. "அவர் தம்மிடம் இருந்ததையெல்லாம் விற்றல்லவா வாங்கினார்? நீங்கள் எதை விற்றீர்கள்?" என்றார். உவமையை அவர் விளக்கியது மறைநூல் அறிஞர்களுக்கு ஏற்புடையதா என்று நான் அறியேன். எனக்குப் பதில் வரவில்லை.

புனித அகுஸ்தினாரின் 'திரித்துவம்' என்னும் நூலில், பதின்மூன்றாம் பகுதியில், ஒரு கோமாளிக் கூத்தனின் கதை வருகிறது. அடுத்த முறை நான் அரங்கேறும்போது உங்கள் எல்லாருடைய மனத்திலும் இருப்பதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று அவன் அறிவித்தானாம். பெருங்கூட்டம் திரண்டது. நீங்கள் எல்லாரும் குறைந்த விலைக்கு வாங்கவும் கூடிய விலைக்கு விற்கவும் விரும்புகிறீர்கள் என்றான் அவன். அனைவரும் கைதட்டி ஒப்புக்கொண்டார்கள். அகுஸ்தினார் அத்தோடு விடவில்லை. எல்லாரும் அப்படியில்லை என்று மறுத்து, தாம் அறிந்த ஒருவரைக் குறிப்பிடுகிறார். அவரிடம் ஒரு நூல் விலைக்கு வந்தது. விற்பவருக்கு அதன் மதிப்புத் தெரியாது. மிகக் குறைவாகக் கேட்டார். வாங்கியவரோ, விற்பவர் எதிர்பாராத வண்ணம், அதன் உண்மை விலையைக் கொடுத்தார். அவருடைய பெயரைக்கூட அகுஸ்தினார் சொல்லவில்லை. இந்தக் கதையை இளமையில் படித்திருந்தேன். அழகான கதை என்று அடிக்கோடும் இட்டிருந்தேன். தூத்துக்குடியில் அந்த வீட்டின் பின்னறையில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை.

புனித தோமா அக்குவினாஸ் இதை இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறார். தம் இறையியல் தொகுப்பில் வாங்குதல் விற்றல் பற்றிய பகுதியில், விற்பவர் பொருளின் குறையை மறைப்பது தவறு என்று சொன்னபின், வாங்குபவர் பக்கமும் திரும்புகிறார். ஒருவர் பொன்னைச் செம்பு என்று எண்ணி விற்கிறார். வாங்குபவர் அது பொன் என்று அறிந்தே வாங்குகிறார் என்றால், அவர் அநீதியாய் வாங்குகிறார். ஈடு செய்யக் கடமைப்பட்டவர். நன்கொடையாகக் கொடுப்பது நல்லது என்று அவர் சொல்லவில்லை, கடமை என்கிறார். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் வருத்தப்படுவது மட்டும் போதாது என்று படித்தோமே, அந்தச் சொல்லே இங்கும் வருகிறது. நம் வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கும்போது, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்று சொல்லி வைத்தார். நம் நாட்டில் பங்கீட்டுக் கடைக்கு நியாய விலைக் கடை என்று பெயர். சர்க்கரைக்கு அரசு விலை எழுதி ஒட்டிவிடும். ஒரே ஒரு கேரார்டுக்கு யார் எழுதி ஒட்டுவது?

ஆனாலும் அக்குவினாஸ் எனக்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தார். ஒரு பொருளால் வாங்குபவருக்கு மட்டும் தனிப்பட்ட பெரும்பயன் இருக்குமானால், அதைக் காட்டி விற்பவர் விலையை ஏற்றக் கூடாது என்கிறார். ஏனெனில் அந்தப் பயன் வாங்குபவருடைய நிலைமையிலிருந்து பிறக்கிறது. தமக்குச் சொந்தமல்லாததை யாரும் விற்க முடியாது. இந்த இடத்தை நான் பலமுறை படித்தேன். கேரார்டுக்காக நான் இரண்டு இலட்சம்கூடக் கொடுத்திருப்பேன். அது இயந்திரத்தின் விலையன்று. 1975இல் வராந்தாவில் நின்ற ஒரு மாணவனின் ஏக்கத்தின் விலை. அது அந்த அம்மையாருடையதன்று. அதற்காக அவருக்கு நான் கடன்பட்டவனல்லன். ஆகா, தப்பித்தேன் என்று தோன்றியது. ஆனால் அந்த ஏக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அவ்வகை ஏக்கமே இல்லாத ஒரு வியாபாரி கொடுக்கக்கூடிய விலை ஒன்று மிஞ்சியிருந்தது. சென்னையில் இவற்றை வாங்கி விற்கும் ஒருவரிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். ஓடாத 401, எஸ்.எம்.இ. கையோடு இருந்தால், பார்க்காமலே ஓர் இலட்சம் தருவேன் என்றார். அது பொன்னின் விலை. நான் செம்புக்குக் கொடுத்திருந்தேன்.

அதே பகுதியில் இன்னொன்றும் உண்டு. பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு நேரும் இழப்பை விலையில் சேர்த்துக்கொள்வது நியாயமே என்கிறார் அக்குவினாஸ். கணவர் நாற்பது ஆண்டுகள் தொட்டுத் துடைத்த ஒன்றை அந்த அம்மையார் விற்றார். அந்த இழப்புக்கு அவர் என்ன விலை வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்க அவருக்கு நேரம் இருந்ததா? தேநீர்க் குவளை காலியாவதற்குள் நான் பணத்தை எண்ணி முடித்திருந்தேன்.

இதுவரை எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். மூவாயிரம் என்று அவர் சொன்னது உண்மை. அதற்கு முன் அவர் கேட்டார்: "தம்பி, இது என்ன விலைக்குப் போகும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

நான் சொன்னேன்: "ரொம்பப் பழசும்மா. உள்ள ரப்பரெல்லாம் போயிருக்கும். சரி பண்ணவே நிறைய செலவாகும்."

அதற்குப் பிறகுதான் அவர் சற்று யோசித்து, தயங்கி, மூவாயிரம் என்றார்.

என் வார்த்தைகளை வாசகர்கள் மீண்டும் படித்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் உண்மை. இயந்திரம் பழையது. ரப்பர் போயிருந்தது. செலவும் ஆயிற்று. ஒரு நீதிமன்றத்தில் சத்தியம் செய்து இதை நான் சொல்ல முடியும். ஆயினும் பொய் சொல்வதைவிட அது இழிவானது என்று இப்போது எண்ணுகிறேன். பொய் சொல்பவனுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்ற அச்சமாவது இருக்கும். எனக்கு அந்த அச்சம்கூட இல்லாதபடி உண்மைகளாகவே பொறுக்கி எடுத்து அடுக்கியிருந்தேன். அவர் கேட்டது ஓர் ஆசிரியரை நம்பிக் கேட்ட கேள்வி. மூன்று பத்தாண்டுகள் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சோறு தின்றவன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வியாபாரியாக மாறினேன். பேசாமல் இருந்திருந்தாலாவது அக்குவினாஸின் செம்பும் பொன்னும் கதையோடு என் குற்றம் நின்றிருக்கும்.

மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். அப்போது வங்கியில் எங்களுக்கென்று இருந்தது மொட்டைமாடித் தளத்தைச் சீராக்கச் சேர்த்த பணம்; இரண்டு மழைக்காலங்களாகப் படுக்கையறை ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பணம் எதற்கு? அந்தப் பெட்டியையே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே" என்றாள்.

மிக எளிதான வழி. மூன்று மாதங்களாக அகுஸ்தினாரையும் அக்குவினாஸையும் புரட்டிய எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி.

ஏப்ரல் மாதம், வங்கியிலிருந்து தொண்ணூற்றேழாயிரம் ரூபாய் எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். பெங்களூர்ப் பயணம் தள்ளிப்போயிருந்ததால் அம்மையார் அங்கேயே இருந்தார். வீடு ஏறத்தாழ காலியாகிவிட்டது, பேச்சு எதிரொலித்தது. மலர்ந்த முகத்தோடு வரவேற்று, "பாட்டுக் கேக்குதா தம்பி?" என்றார். நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். இயந்திரத்தின் பெயர், அதன் மதிப்பு, சென்னை வியாபாரி சொன்ன விலை. வேண்டுமானால் இயந்திரத்தையே சரிசெய்த நிலையில் கொண்டுவந்து தருகிறேன், இல்லையென்றால் இந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் மகிழ்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேருந்தில் வரும்போதே அந்தக் காட்சியைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். அகுஸ்தினாரின் கதையில் வரும் அந்த விற்பவர் என்ன சொன்னார் என்று நூலில் இல்லை. நான்தான் அவருக்குக் கண்ணீரும் நன்றியும் கொடுத்திருந்தேன்.

அம்மையார் கேட்டது ஒன்றே: "அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், அம்மா."

அவர் முகம் மாறியது. சினம் என்று சொல்ல முடியாது. தம் பின்னறையில் அந்நியன் ஒருவனை விட்டு வைத்திருந்தோம் என்று பிந்தி அறிந்தவரின் முகம். பணத்தை வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எண்ணினார். முதல் முறை நான் வந்தபோது கொடுத்த மூவாயிரத்தை அவர் எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டிருந்தேன். இம்முறை தேநீர் வரவில்லை.

"பெட்டி எனக்கு எதுக்கு? மக வீட்டுல வைக்க இடம் இல்ல," என்றார். பிறகு, "அந்த ரெக்கார்டுல கிறிஸ்துமஸ் பாட்டு ஒண்ணு இருக்கும், ஜிம் ரீவ்ஸ் பாடினது. அதை மட்டும் அனுப்பிவையுங்க" என்று சொல்லி, பெங்களூர் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். 1963இல் வெளிவந்த அந்தத் தட்டு நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இருந்ததுதான். அப்போது பழைய கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதைத் தட்டாக வைத்துக்கொண்டு, போட்டுக் கேட்க ஒன்றும் இல்லாமல் அவர் என்ன செய்வார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. மறுநாளே இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று கடிதம் வரவில்லை. கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை வந்தது.

அவ்வாண்டு மழையிலும் படுக்கையறை ஒழுகியது. தார்ப்பாய் வாங்கி விரித்தோம்.

அன்று தூத்துக்குடியில் நான் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது, அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். சாத்தப் போகிறார் என்று எண்ணித் திரும்பினேன்.

"அதுல முன்னால ஒரு சின்ன வெளக்கு இருக்குமே," என்றார். "எரியுதா?"

"எரியுது, அம்மா."

"அவுக மத்த வெளக்கெல்லாம் அணைச்சிட்டு அதை மட்டும் போட்டு வச்சிருப்பாக," என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தார். தெருவில் மீன் வண்டி ஒன்று மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.